கத்தரிக்காய்ப் பசு

அமெரிக்கக் கத்தரிக்காயை நான் கத்தரிக்காய் என்று ஒப்புக்கொண்டதே கிடையாது. பரங்கிப் பிஞ்சு அளவுக்கு ஒரு காய், வெட்டினால் உள்ளே வெறும் பஞ்சு. எண்பதுகளின் நடுவில் சான்டா கிளாராவில் எந்தக் கடைக்குப் போனாலும் அதுதான் கிடைத்தது. அதனால் பக்கத்து வீட்டு ஜப்பான் ஆன்ட்டி, தன் தோட்டத்தில் காய்த்த சாண் நீள ஒல்லிக் கத்தரிக்காயை எங்கள் பின்வாசலில் வைத்துவிட்டுப் போகும் நாளெல்லாம் எனக்குத் திருநாள். இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரே மரத்தளம். அவர் காயை அங்கே வைப்பார், நான் அதைச் சமைத்து அவருக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே லட்சணம் என்பதால் எங்களுக்குள் பேச்சுக்குக் குறைவில்லை.

ஒரு குளிர்காலத்தில் ஆன்ட்டியின் கணவர் இறந்துபோனார். அடுத்த ஆகஸ்டில் ஆன்ட்டி மரத்தளத்தில் உட்கார்ந்து மெல்லிய பலகையும் வைக்கோலும் கொண்டு ஒரு முழ நீளப் படகு கட்டத் தொடங்கினார். எதற்கென்று கேட்டேன். அவர் பிறந்த கடலோர ஊரில், இறந்தவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை வந்து மூன்று நாள் வீட்டில் தங்குவார்களாம். மூன்றாம் நாள் சாயங்காலம் படகில் வைத்து அனுப்பிவைக்க வேண்டுமாம். இது அவர் கணவர் வரும் முதல் வருஷம். கடற்கரைக்கு எங்கள் காரில் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். ஃப்ரீவேயில் ஓட்ட அவருக்குப் பயம். இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்றேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் பின்கதவைத் திறந்தால், தளத்தில் ஒரு தட்டு, தட்டில் ஒரே ஒரு கத்தரிக்காய். அதில் நான்கு குச்சிகள் சொருகியிருந்தன. கொத்சுக்குச் சுடும்போது கை சுடாமல் பிடித்துத் திருப்புவதற்குத்தான் குச்சி, என்ன சாமர்த்தியமான மனுஷி என்று மெச்சிக்கொண்டேன். கேஸ் அடுப்பில் சுட்டு, தோலை உரித்து, பிசைந்து, புளி கரைத்து விட்டு, பெருங்காயம் தூக்கலாகத் தாளித்தேன். நன்றாகவே வந்திருந்தது.

கிண்ணத்தோடு போனபோது ஆன்ட்டி சாம்பல் நிற கவுனில் தளத்தில் நின்று அங்கும் இங்கும் தேடிக்கொண்டிருந்தார். இங்கே ஒரு பசு நின்றதே, பார்த்தாயா என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. நான்கு விரல்களைக் கீழே ஊன்றி, கால்கள் என்று காட்டினார். அந்த நான்கு குச்சிகள் எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கிண்ணத்தை நீட்டி, இதில்தான் இருக்கிறது என்றேன்.

அவர் கிண்ணத்தை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: வரும்போது சீக்கிரம் வர வேண்டும் என்று வெள்ளரிக்காயில் குதிரை செய்து வைப்போம். போகும்போது மெதுவாகப் போகட்டும் என்று கத்தரிக்காயில் பசு. பசு இல்லாமல் அவர் எப்படி மெதுவாகப் போவார்?

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவர் நிஜமாகவே என்னைக் கேட்டார். தோட்டத்துக்கு ஓடிச் செடிகளையெல்லாம் விலக்கிப் பார்த்தேன். பூவும் பிஞ்சும்தான் இருந்தன.

என் கணவர் ஆபீசிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "குச்சி சொருகின கத்திரிக்காயப் பாத்தா ஒரு வார்த்தை கேக்கத் தோணாதா உனக்கு?"

"நீங்களா இருந்தா தின்னு முடிச்சிட்டுதான் கேட்டிருப்பீங்க. முதல்ல போய் ஒரு கத்திரிக்காய் வாங்கிட்டு வாங்க."

வாங்கி வந்தார். வேறென்ன, பரங்கிப் பிஞ்சுதான். சாப்ஸ்டிக்கை உடைத்து நாங்கள் கால் வைத்தோம். இது பசு இல்லை, எருமை என்றேன். அன்றைக்கு ஆன்ட்டி முதல் தடவையாகச் சிரித்தார்.

மலைப்பாதையில் சான்டா குரூஸ் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ஆன்ட்டி படகில் சோறும் பூவும் வைத்து, நடுவில் எருமையை நிறுத்தி, சின்ன மெழுகுவர்த்தி ஏற்றித் தண்ணீரில் விட்டார். இரண்டடி போனது. அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து எங்கள் காலடியில் வைத்தது. மறுபடி விட்டார், மறுபடி வந்தது. மூன்றாவது தடவையும் அதே கதை. பாரம் அதிகம், என்னால்தான் எல்லாம் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

என் கணவர் பேன்ட்டை முழங்கால் வரை மடித்தார். "நான் உள்ள எறங்கித் தள்ளி விட்டுடறேன்."

ஆன்ட்டி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். ஈர மணலில் படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எருமையின் முதுகில் கையை வைத்து, தன் மொழியில் பேச ஆரம்பித்தார். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. ஆனால் அது பிரார்த்தனை இல்லை என்பது தெரிந்தது. குழாய் ஒழுகுகிறது, வீட்டுக்காரன் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வரவே இல்லை என்று தினமும் நான் என் கணவரிடம் புலம்புவேனே, அந்தக் குரல். நடுவில் ஒரு இடத்தில் சிரித்துக்கொண்டார். எட்டு மாசத்துப் பேச்சு பாக்கி இருந்திருக்க வேண்டும்.

பேசி முடித்ததும் எழுந்தார். கவுன் நனைய இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அலைகளைத் தாண்டிப் படகைத் தன் கையாலேயே விட்டார். இந்தத் தடவை அது திரும்பவில்லை. பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்தபடி, நின்று நின்று போனது.

"என்ன இது, இவ்ளோ ஸ்லோவா போகுது" என்றார் என் கணவர்.

எங்களில் ஒருவர் இப்படித் தண்ணீரில் நிற்கும் நாள் ஒன்று வரும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "போகட்டும், அவசரம் என்ன" என்றேன்.