மணையில் ஓடிய பதினான்கு மைல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பம்பாயில் டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு மீட்டர்களைச் சோதிக்கிற வேலை. அழுத்தம், சூடு, கரெண்ட், எதை அளக்கிற மீட்டரானாலும் என் மேஜைக்கு வரும், அது காட்டுவது நிஜமா பொய்யா என்று பார்த்துச் சொல்வேன், ஊசி தானாக ஆடுகிறது சார் என்று எவனாவது வந்தால் பின்னால் தளர்ந்திருக்கும் ஒயரைக் காட்டித் திருப்பி அனுப்புவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் வயசான காலத்தில் உளறுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

அறுபதுகளின் நடுவில், செம்பூரில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். நான், மனைவி சரோஜா, நாலு வயசுப் பெண் லலிதா, எங்களோடேயே இருந்துவிட்ட என் தர்மா அக்கா. சரோஜாவின் தம்பி மணி மாட்டுங்காவில் அறை எடுத்துக்கொண்டு ஒரு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தான். அவனும் நானும் சேர்ந்து ஒரு பழைய இங்கிலீஷ் கார் வாங்கினோம். எஞ்சின் மோசமில்லை, டாஷ்போர்டுதான் மகா மோசம். ஒரே தகட்டில் நாலு மீட்டர், நாலும் நாலு விதமாகப் பொய் சொல்லும். பெட்ரோல் ஊசி எப்போதும் பாதி டாங்க் என்று காட்டும், கரெண்ட் ஊசி செத்துக் கிடந்தது, வேக ஊசி வண்டி நிற்கும்போதே பத்து மைல் என்று காட்டும், எஞ்சின் சூட்டைக் காட்டவேண்டியது எவ்வளவு கொதித்தாலும் அசையாது. பெட்ரோலை மூங்கில் குச்சி விட்டு அளந்துகொண்டிருந்தோம். மற்றவன் மீட்டரையெல்லாம் திருத்துகிறவன் வண்டியில் ஒரு மீட்டர்கூட உருப்படியில்லை என்று மாடியில் இருக்கிறவர்கள் கேலி செய்தார்கள், எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் தகட்டை அப்படியே கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தேன். பெட்ரோல் மீட்டரும் கரெண்ட் மீட்டரும் உள்ளே எரிந்துபோயிருந்தன, அவற்றை விட்டேன். வேக மீட்டரைச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டேன். சூடு காட்டும் மீட்டரிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வரும், நுனியில் ஒரு குமிழ், அதுதான் ரேடியேட்டர் தண்ணீருக்குள் இருக்க வேண்டியது. அந்தக் குழாய் அறுந்திருந்ததை வேலையிடத்து நண்பர் ஒருவர் வீட்டுக்கு ஓடி அன்று ராத்திரியே சரி செய்தேன். குமிழை ரசப் பாத்திரத்தில் கொதிக்கிற தண்ணீரில் விட்டதும் ஊசி அழகாகச் சிவப்புக் கோட்டுக்கு ஏறியது, ரசப் பாத்திரம்தானா கிடைத்தது உங்களுக்கு என்று சரோஜா ஒரு பாட்டம் திட்டினாள். வேக மீட்டருக்குள் மைல் எண்ணும் சக்கரங்களில் நின்ற எண்ணை என் நோட்டில் குறித்துக்கொண்டேன், 38412, கடைசியில் சிவப்பில் பூஜ்யம். காலையில் வண்டியில் மாட்டினால் வேலை முடிந்தது.

காலையில் எழுந்து பார்க்கிறேன், தகடு பூஜையில் இருக்கிறது. விடிவதற்கு முன்னாலேயே அக்கா என் ஸ்க்ரூ டிரைவர், கொறடு, காந்தம், நோட்டு, பென்சில் எல்லாவற்றையும் பொறுக்கி மணையில் அடுக்கி, கூடவே மீட்டர் தகட்டையும் வைத்து, நாலு கண்ணாடியிலும் நடுவில் சந்தனம் இட்டுக் குங்குமம் வைத்துவிட்டாள். எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரை எடுக்கக் கூடாது, படிக்கக் கூடாது, எழுதக் கூடாது.

அன்றைக்குத்தான் சரோஜாவும் குழந்தையும் கல்யாண் என்கிற ஊரில் மாமனார் வீட்டுக்குப் போவதாக இருந்தது. மறுநாள் லலிதாவுக்கு அட்சராப்பியாசம். மணி புதிதாக லைசென்ஸ் எடுத்திருந்தான், அப்பா முன்னால் காரில் போய் இறங்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. பூஜையை முடித்துவிட்டு நான் சாயங்காலம் ரயிலில் வருவதாக ஏற்பாடு.

"தகட்டை மட்டும் எடுத்துக் குடேன் அக்கா, பத்து நிமிஷம் போறும்" என்றேன்.

"வண்டி கீழ நிக்கறது, அது போகட்டும். மணையில வச்சதை இன்னிக்குத் தொடப்படாது" என்றாள் அக்கா.

"பரவால்ல அத்திம்பேர், இத்தனை நாளும் மீட்டரைப் பாத்தா ஓட்டினோம்?" என்றான் மணி.

நானும் தலையாட்டினேன். மீட்டர் இல்லாவிட்டால் வண்டி ஓடாதா, தண்ணியை மட்டும் பார்த்துக்கோ என்று என் வாயாலேயே சொன்னேன், அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. டாஷ்போர்டில் நாலு ஓட்டையோடு வண்டி ஒன்பது மணிக்குக் கிளம்பியது. லலிதா முன் ஸீட்டில் அம்மா மடியில் உட்கார்ந்து அந்த ஓட்டைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே போனாள்.

குளித்துவிட்டுச் சிவப்புப் பாயில் மணைக்கு முன்னால் உட்கார்ந்தபோது ஒன்பதரை இருக்கும். அக்கா சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். ஏதோ கடிகாரம் மாதிரி மெல்லிய கிர்க் கிர்க் என்று சத்தம் கேட்டது, குனிந்து பார்த்தேன், வேக மீட்டரின் ஊசி இருபத்தைந்தில் நின்று லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

எனக்குப் பயமெல்லாம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வேக மீட்டர் காந்தத்தில் வேலை செய்கிற சாமான், பக்கத்தில் என் காந்தம் கிடக்கிறது, அதுதான் இழுக்கிறது என்று அக்கா பார்க்காதபோது காந்தத்தை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன். ஊசி முப்பதுக்குப் போனது. சரி, அதையும் விடுங்கள், மைல் எண்ணும் சக்கரங்கள் காந்தத்துக்கு அசையாது, அவை பல்சக்கரம், பின்னால் கேபிள் சுற்றினால்தான் சுற்றும். அந்தச் சக்கரங்கள் என் கண் முன்னால் சுற்றிக்கொண்டிருந்தன, கேபிள் சொருகும் துளை காலியாக இருந்தது. எண் 38421 என்றிருந்தது. ஒன்பது மைல் என்றால் பாண்டுப் தாண்டியிருப்பான் என்று என் மனசு கணக்குப் போட்டது, அது போட்ட பிறகுதான் என்ன கணக்குப் போடுகிறேன் என்று எனக்கு உறைத்தது.

அக்கா வந்து பூஜை மணியை ஆட்டிக் கற்பூரம் காட்டினாள். "ஒத்திக்கோடா" என்று இரண்டு தரம் கூப்பிட்டாள், நான் திரும்பவில்லை. சூட்டு ஊசி ஏறிக்கொண்டிருந்தது. குழாயின் குமிழ் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது, தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டி முட்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் வேக ஊசி மெதுவாகக் கீழே இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது, 38426, சிவப்பில் மூன்று. பதினாலு மைல், மேலே ஒரு மைலில் பத்தில் மூன்று பங்கு.

கொதித்துவிட்டது, நிறுத்தியிருக்கிறான், ஆற வைத்துத் தண்ணீர் விட்டுக் கிளம்புவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து நிமிஷம் போயிருக்கும், வேக ஊசி திடீரென்று ஒரு துள்ளு துள்ளியது, சிவப்பு எண் மூன்றிலிருந்து நாலுக்கு நகர்ந்தது, ஊசி விழுந்தது. அதற்கப்புறம் அசையவேயில்லை.

உட்கார்ந்து யோசித்தேன். நம்ப முடியாது. ஆனால் இத்தனை வருஷமாக மீட்டர் காட்டுவதைப் படித்துத்தான் நான் சம்பளம் வாங்கியிருக்கிறேன், காரணம் தெரியவில்லை என்பதற்காகக் காட்டியதைக் காட்டவில்லை என்று ஒரு நாளும் எழுதிக் கொடுத்ததில்லை. போய்ப் பார்த்துவிடுவது, ஒன்றும் இல்லாவிட்டால் நான் முட்டாள், அவ்வளவுதானே. எண்ணை எழுதிக்கொள்ளப் பென்சிலும் இல்லை, அது மணையில் இருந்தது. பதினாலு புள்ளி மூன்று, பதினாலு புள்ளி மூன்று என்று வாயால் சொல்லிக்கொண்டே வேட்டியோடு படி இறங்கி ஓடினேன், நைவேத்யம் ஆகலையேடா என்று அக்கா பின்னால் கத்தினாள்.

டாக்சிக்காரர் வடக்கத்தி, பெரியவர். "கஹா ஜானா ஹை?" என்று எங்கே போகவேண்டும் எனக் கேட்டார். சௌதா மைல், பதினாலு மைல் என்றேன். "ஜகா கா நாம் போலோ ஸாப்" என்றார். இடத்தின் பெயர் எனக்கே தெரியாது, கல்யாண் போகிற வழியில் விடுங்கள், உங்கள் மைல் மீட்டரை நான் பார்த்துக்கொள்கிறேன், சொல்கிற இடத்தில் நிறுத்துங்கள் என்று என் பம்பாய் ஹிந்தியில் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், நெற்றியில் விபூதி, கண்ணில் என்ன இருந்ததோ, பேசாமல் வண்டியை எடுத்தார். காட்கோபர், முலுண்ட், தாணா, கல்வா பாலம் என்று போய்க்கொண்டே இருந்தோம், வழியெல்லாம் ஓரத்தில் நம் வண்டி நிற்காதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன், நிற்கவில்லை.

பதினாலு புள்ளி மூன்று வந்த இடம் மும்ப்ராவுக்கு முன்னால் மலையை ஒட்டிய ரோடு. நிறுத்தச் சொன்னேன். அங்கே ஒன்றுமேயில்லை. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் சரிவு, மழை விட்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்த புல், கீழே எங்கேயோ ரயில் தண்டவாளம். டாக்சிக்காரர் ஆகே சலோ, இன்னும் முன்னால் போய் மும்ப்ராவில் விசாரிக்கலாம் என்றார். நான் மாட்டேன் என்றேன். எந்த இரண்டு மீட்டரும் நூறு கெஜமாவது வித்தியாசப்படாமல் இருக்காது, அது என் தொழில், அதனால் முன்னால் இருநூறு கெஜம், பின்னால் இருநூறு கெஜம் தேடியே தீருவேன் என்று நடந்தேன். அவர் வண்டியில் சாய்ந்துகொண்டு பீடி பற்றவைத்தார். முன்னால் போய்த் திரும்பினேன், ஒன்றுமில்லை. பின்னால் போனேன், ரோட்டு ஓரத்தில் ரேடியேட்டர் மூடி கிடந்தது.

அந்த இடத்தில் புல் இரண்டு கோடாகப் படுத்திருந்தது. சரிவில் இறங்கினால் முதலில் மணி கிடந்தான், முகமும் கையும் வெந்து, கணுக்கால் முறிந்து. கொதிக்கிற ரேடியேட்டரை ஆற விடாமல் மூடியைத் திறந்திருக்கிறான், ஆவி முகத்தில் அடித்து அவன் அலறி விலகின அந்த நேரம் ஹாண்ட் பிரேக் விட்டு வண்டி உருண்டிருக்கிறது, துரத்தி ஓடி விழுந்திருக்கிறான். "அக்கா உள்ள இருக்கா அத்திம்பேர், கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒருத்தருக்கும் கேக்கலை" என்று அழுதான். இன்னும் கீழே, கல் வெட்டின பெரிய குழி, நிறைய மழைத் தண்ணீர், அதன் விளிம்பில் ஒரு கருவேல மரத்தில் மூக்கை முட்டிக்கொண்டு எங்கள் கார் சாய்ந்து நின்றது. மரம் பாதி வேரோடு பெயர்ந்திருந்தது. கதவுகள் மண்ணில் புதைந்து திறக்கவில்லை, அசைந்தால் வண்டி போய்விடும் என்று சரோஜா குழந்தையைக் கட்டிக்கொண்டு மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டிருந்தாள்.

நான் கத்தின கத்தலில் டாக்சிக்காரர் கயிற்றோடு ஓடி வந்தார். அந்தப் பெரியவரை நான் தெய்வம் என்றுதான் சொல்வேன். பின் பம்பரில் கயிற்றைக் கட்டிப் பாறையில் சுற்றி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, பின் கண்ணாடியை ஜாக்கியால் உடைத்து முதலில் குழந்தையை, அப்புறம் சரோஜாவை இழுத்தோம். எல்லோரும் ரோட்டுக்கு ஏறி வந்து மணியை டாக்சி ஸீட்டில் படுக்க வைக்கும்போது கீழே மரம் முறிகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தபோது கயிறு அறுந்திருந்தது, வண்டியின் கூரை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

எப்படி வந்தேள், எப்படித் தெரிஞ்சுது என்று சரோஜா திரும்பத் திரும்பக் கேட்டாள். மணியைத் தாணாவில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது லலிதா என் மடியில் இருந்தாள். அவள் அழவேயில்லை.

"அப்பா, அந்த ஓட்டைக்குள்ள நீ தெரிஞ்சே" என்றாள்.

"அப்படியா கண்ணா."

"சிவப்புப் பாயில உக்காந்துண்டிருந்தே. அத்தை ஒத்திக்கோ ஒத்திக்கோன்னா, நீ திரும்பவே இல்லை."

அவளைத் திருப்பி என் முகத்துக்கு நேராக உட்கார வைத்தேன்.

"உன் பக்கத்துல ஒரு மாமா உக்காந்துண்டு, விரலால ஊசியைத் தள்ளித் தள்ளிக் காமிச்சாரே, அவர் யாருப்பா?"

வீட்டுக்கு வந்ததும் நேரே மணைக்குத்தான் போனேன். யார் தொட்டது என்று கேட்டேன், நான் தொடவே இல்லைடா என்று அக்கா கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சொன்னாள், அவள் பொய் சொல்கிறவள் இல்லை. எரிந்துபோன இரண்டு மீட்டரின் கண்ணாடியில் குங்குமப் பொட்டு வைத்தபடியே இருந்தது. வேக மீட்டரிலும் சூட்டு மீட்டரிலும் மட்டும் அது இழுபட்டு, ஊசி போன வழியே ஒரு வளைவாகத் தீற்றியிருந்தது. என் விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். தடம் என் விரலைவிட அகலம்.

இப்போது லலிதாவே பேரன் பேத்தி எடுக்கிற வயசுக்கு வந்துவிட்டாள், அவளுக்கு இது எதுவும் ஞாபகமில்லை. தகடு என்னிடம்தான் இருக்கிறது, எண் 38426, சிவப்பில் நாலு, அதற்கப்புறம் நகரவில்லை. எந்த மீட்டரையும் பிரித்துப் பார்த்துவிடுகிற நான் இதைப் பிரிக்கவில்லை, கண்ணாடியையும் துடைக்கவில்லை. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு மணையில் வைக்கிறேன். இப்போதும் நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை, ஆனால் அன்றைக்குப் பாயின் ஓரத்தில்தான் உட்காருவேன், பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடத்தை விட்டுவிட்டு.