நாற்பத்தாறாவது தேங்காய்

சிட்னியின் லிட்கமில் எல்லா வீட்டிலும் சனிக்கிழமை ஒரே சனிக்கிழமைதான். மகேந்திரராஜா வீட்டில் மட்டும் அது ஏழு கிழமைக்கு, அதாவது ஏழு வாரத்துக்கு, முந்தியது.

காரணம் கப்பல். இங்கிலாந்தின் வடக்கே திரெல்பி என்று ஒரு சிறிய ஊர். அந்த ஊரின் உதைபந்தாட்டக் கழகம் திரெல்பி டவுன் நான்காம் பிரிவில் ஆடுகிறது. நான்காம் பிரிவுக்குக் கீழே பிரிவு கிடையாது. ஆட்டம் முடிந்த அன்று மாலையே அங்கே ரோசா நிறத்தில் ஒரு விளையாட்டுப் பத்திரிகை வெளிவரும். மிசிஸ் ஓக்டன் என்ற அம்மா அதைச் சுருட்டி, நூலால் கட்டி, கப்பல் தபாலில் போடுவார். ஏழு கிழமை கழித்து அது லிட்கமுக்கு வந்து சேரும். சில வேளை மூன்று சுருள் ஒன்றாக வரும். மகேந்திரராஜா அவற்றைத் திகதிப்படி அலுமாரிக்குள் அடுக்குவார். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு சுருள். பின்னேரம் மூன்று மணிக்கு, ஆட்டம் தொடங்கும் நேரம் பார்த்து, தேநீரோடு கதிரையில் உட்கார்ந்து நூலை அவிழ்ப்பார். முடிவை முதலில் பார்ப்பது கிடையாது. முதல் உதையிலிருந்து வரி வரியாக வருவார். இடைவேளை வந்ததும் எழுந்து முற்றத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில், இருபத்து மூன்று வயதில், படவரைஞர் படிப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்து திரெல்பிக்குப் போனவர். மிசிஸ் ஓக்டன் வீட்டின் பின்னறை கிடைத்தது. அதன் யன்னல் மைதானத்தைப் பார்த்தது. முழுவதையும் அல்ல. ஒரு கோலின் இடது கம்பமும் வலையில் பாதியும் தெரியும். மிச்சத்தை ஒரு தகரக் கூரை மறைத்துவிடும். மைதானத்துக் காவலாளியிடம் ஒரு பள்ளிக்கூட மணி இருந்தது. திரெல்பி ஒரு கோல் போட்டால் ஒரு அடி. எதிரணி போட்டால் மணி இல்லை, வசவுதான். இரண்டு குளிர்காலம் மகேந்திரராஜா பாதி ஆட்டத்தைக் கண்ணாலும் பாதியைக் காதாலும் பார்த்தார். மணி அதிகம் அடிக்கவில்லை. அதற்காகக் காத்திருந்த பழக்கம் மட்டும் உடம்பில் தங்கிவிட்டது. கொழும்புக்குத் திரும்பி, கலியாணம் முடித்து, எழுபத்து மூன்றில் சிட்னி வந்து, நிலத்தடிக் குழாய்களுக்குப் படம் வரைகிற வேலையில் சேர்ந்த பிறகும் சுருள்கள் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தன.

சிட்னிப் பத்திரிகைகளும் திங்கட்கிழமைகளில் இங்கிலாந்து முடிவுகளைப் பொடி எழுத்தில் போடும். அந்தப் பக்கத்தை அவர் மனைவி சத்தியபாமா விடியவே உருவி, அதில் மீன் செதிள் சுற்றுவார்.

"குடிக்கிற மனுசனிட்ட இருந்து போத்தலை ஒளிக்கிறவை இருக்கினம். நான் பேப்பரை ஒளிக்கிறன்" என்பார்.

ஆனால் பக்கத்து ஹோம்புஷில் இருந்த நித்தியானந்தனின் வாயை யாராலும் செதிளில் சுற்ற முடியாது. ரயில்வேயில் எஞ்சினியர். மகேந்திரராஜாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். திங்கட்கிழமைப் பத்திரிகையை அவர் தவறாமல் படிப்பார். மகேந்திரராஜாவின் எதிர்காலம் தெரிந்த ஒரே ஆள்.

"மச்சான், ஒக்டோபர் நடுவில நீ லீவு எடு. வேலைக்குப் போற நிலைமையில இருக்கமாட்டாய்."

"வாயை மூடடா!"

"நல்லதோ கெட்டதோ எண்டு நான் சொன்னனானோ?"

பதினான்கு வருடங்களில் திரெல்பி டவுன் பதினெட்டாம் இடத்துக்கு மேலே வந்ததில்லை. எழுபத்தேழில் முடிந்த அந்தப் பருவத்தில் அந்தப் பதினொரு பேருக்கும் என்ன பிடித்ததோ தெரியவில்லை. சுருளுக்குச் சுருள் வெற்றி. ஆறு ஆட்டம் தொடர்ந்து வென்ற அன்று மகேந்திரராஜா முற்றத்தில் உடுப்புக் காயப்போடும் சுழல்கம்பியைப் பிடித்துத் தொங்கி ஒரு சுற்றுச் சுற்றினார். வேலையிடத்தில் ஒரு கழிவுநீர்க் குழாய்க்கு அம்புக்குறியை மலையை நோக்கிப் போட்டார். தண்ணீர் மேலே ஏறாது என்று ஒரு குறிப்போடு படம் திரும்பி வந்தது. திரெல்பி ஏறுகிறதே என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஒரு பருவத்துக்கு நாற்பத்தாறு ஆட்டம். நாற்பத்தைந்து முடிந்தபோது திரெல்பி ஐந்தாம் இடத்தில் இருந்தது. முதல் நான்கு கழகங்கள் மூன்றாம் பிரிவுக்கு ஏறும். கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில், நான்காம் இடத்தில் இருந்த கழகத்தோடு. இரண்டுக்கும் இடையில் ஒரே ஒரு புள்ளி. வென்றால் மேலே. சமநிலை போதாது.

அந்தச் சுருள் யூலை மாதத்து ஒரு வியாழக்கிழமை வந்தது. மகேந்திரராஜா அதை அலுமாரிக்குள் வைத்தார். எடுத்தார். மோந்து பார்த்தார். திரும்ப வைத்தார். பிறகு குசினிக்குள் போய், குளிர்பெட்டிக்கு மேலே இருந்த வெண்கலப் பிள்ளையாருக்கு முன்னால் கைகூப்பினார்.

"பிள்ளையாரே, இந்த ஒண்டை மட்டும் வெல்ல வைச்சிடு. ஆட்டத்துக்கு ஒண்டாய் நாற்பத்தாறு தேங்காய் அடிக்கிறன்."

சத்தியபாமா மீன் கழுவிக்கொண்டிருந்தார். "எந்த ஆட்டத்தை?"

"கடைசி ஆட்டத்தை."

"அது முடிஞ்சு ஏழு கிழமை."

"எனக்கு முடியேல்லையே."

"இஞ்சேருங்கோ, அந்தப் பெடியள் இப்ப எந்தக் கடற்கரையில படுத்திருக்கிறாங்களோ. அவங்களை எழுப்பித் திருப்பி ஓட விடச் சொல்லுறியளோ பிள்ளையாரை?"

"இல்லை பாமா. நான் இண்டைக்கு நேர்த்தி வைப்பன் எண்டு அவருக்கு ஏழு கிழமைக்கு முந்தியே தெரியும். தெரிஞ்சபடியால் அப்பவே செய்திருப்பார்."

சத்தியபாமா யோசித்தார்.

"அப்ப ஏழு கிழமையாய் அவர் தேங்காயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாரோ?"

"ஓம்."

"பாவம்" என்று சொல்லிவிட்டுச் சத்தியபாமா மீனைத் திருப்பிப் போட்டார்.

சனிக்கிழமை காலை ஃபிளெமிங்டன் சந்தைக்குப் போக நித்தியானந்தன் கார் கொண்டு வந்தார். மழைத்தூறல். வானம் கறுத்துக் கிடந்தது. நித்தியானந்தன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"இதென்னடா கோலம்?"

"உனக்காகத்தான். கண்ணைப் பார்த்தால் நீ கண்டுபிடிச்சிடுவாய்."

மகேந்திரராஜா கணக்குப் போட்டார். தோற்றிருந்தால் கண்ணை மறைப்பான். வென்றிருந்தாலும் மறைப்பான். தேங்காய்ச் சாக்கைத் தூக்கும்போது நித்தியானந்தன் விசில் அடித்தார். அப்படியென்றால் வெற்றி. காரில் ஏற்றும்போது பெருமூச்சு விட்டார். அப்படியென்றால் தோல்வி. தேங்காய் விற்ற பசிபிக்கின் தொங்காத் தீவுக்காரர் கலியாணமா என்று கேட்டார்.

"இல்லை. உதைபந்தாட்டம்."

அந்த ஆள் இரண்டு தேங்காயை மாற்றி, நல்லதாக இரண்டு வைத்தார்.

மூன்று மணி. கதிரையில் மகேந்திரராஜா. எதிரே சத்தியபாமாவும், கறுப்புக் கண்ணாடியோடு நித்தியானந்தனும். சாக்கு குசினிக் கதவை அடைத்துக்கொண்டிருந்தது. நூலை அவிழ்த்தார். ரோசாத் தாளை விரித்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன?" என்றார் சத்தியபாமா.

"மழை."

"என்ன மழை?"

"அங்க பேய் மழையாம். மைதானத்தில முழங்காலளவு தண்ணியாம். ஆட்டத்தைச் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போட்டிட்டாங்கள்."

"அப்ப அடுத்த சுருளில வரும்."

மகேந்திரராஜா தாளின் அடியைக் காட்டினார். இத்துடன் இப்பருவத்து இதழ்கள் நிறைவு, வாசகர்களை ஓகஸ்ட் கடைசியில் சந்திப்போம் என்று போட்டிருந்தது. அடுத்த சுருள் இல்லை.

அவர் மெதுவாக நித்தியானந்தன் பக்கம் திரும்பினார். சிட்னி வந்த நான்கு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நித்தி, சொல்லடா. என்ன முடிவு?"

நித்தியானந்தன் கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் பாவமாக இருந்தன.

"எனக்குத் தெரியாது மச்சான்."

"என்ன?"

"திங்கட்கிழமைப் பேப்பரில ஒத்திவைப்பு எண்டுதான் கிடந்தது. பிறகு வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒவ்வொரு பேப்பராய்ப் பிரட்டினன். ஒருத்தனும் போடேல்லை."

"அப்ப ஏழு கிழமையாய் எல்லாம் தெரிஞ்ச மாதிரி மூஞ்சையை வைச்சிருந்தியே!"

"தெரிஞ்சதை மறைக்கிறது லேசு. தெரியாததை மறைச்சுப் பார், அப்ப விளங்கும் என்ர கஷ்டம்!"

முதலில் சிரித்தது சத்தியபாமாதான். கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகேந்திரராஜாவும் சிரித்தார், நிறுத்த முடியாமல், ரோசாத் தாளால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. முகம் ரோசாவாகியது.

"எனக்குக் குசினிக்குள்ள போகவேணும்" என்றார் சத்தியபாமா. "நாற்பத்தைஞ்சு ஆட்டம் நடந்தது உண்மைதானே? அதுக்கு நாற்பத்தைஞ்சை அடியுங்கோ. மற்றதைப் பிறகு பாப்பம்."

முற்றத்தில் உடுப்புக் கம்பிக்குக் கீழே ஒரு சீமெந்துத் துண்டு. முதல் தேங்காய் அதில் பட்டுச் சிதறியபோது பக்கத்து வீட்டு உக்ரேனியர் பெட்ரோ வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பத்தாவதில் வேலியைத் தாண்டி வந்தார். ஏன் என்று கேட்கவில்லை. ஒரு தேங்காயை வாங்கி, தலைக்கு மேலே தூக்கி, தன் மொழியில் யாரையோ திட்டி அடித்தார். சில்லுகள் கூரையில் விழுந்தன.

"இன்னொன்று" என்றார் பெட்ரோ. அவருக்கு ஏழு கொடுத்தார்கள். நித்தியானந்தன் ஒவ்வொன்றுக்கும் எதிரணியின் பெயரைச் சொல்லி அடித்தார். மூவரும் தேங்காய்த் தண்ணீரில் தெப்பமாக நனைந்திருந்தார்கள்.

மிஞ்சிய ஒன்றை மகேந்திரராஜா தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தார். அதைப் பார்த்தார். தொலைபேசியைப் பார்த்தார். ஏழு கிழமை தெரியாமல் இருந்தது சுகம். இனித் தெரியாமல் தூங்க முடியாது.

ஆறு மணி. அங்கே காலை ஒன்பது. இலக்கங்களைச் சுழற்றும்போது விரல் இருமுறை வழுக்கியது.

"ராஜாவா!" என்றார் மிசிஸ் ஓக்டன். "ஐயோ, யார் செத்தது?"

"ஒருவரும் சாகவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஆட்டம் என்ன ஆயிற்று?"

"எந்தச் செவ்வாய்க்கிழமை, மகனே? நான் உதைபந்தாட்டம் பார்க்கிறதில்லையே."

பன்னிரண்டு வருடம் சுருட்டியவர் ஒரு நாளும் விரித்ததில்லை.

"வெளியே காவலாளி புல்லு வெட்டுகிறார். இரு, கேட்கிறேன்."

ரிசீவரைக் கீழே வைக்கும் ஓசை. காலடிகள். பிறகு பின்னறை யன்னல் கிறீச்சிட்டது. அந்தக் கிறீச்சை மகேந்திரராஜாவுக்குத் தெரியும். இரண்டு குளிர்காலம் அவரே திறந்த யன்னல். மிசிஸ் ஓக்டன் கத்துவது கேட்டது. புல்லு வெட்டும் இயந்திரம் நின்றது. ஒரு ஆண்குரல் ஏதோ சொன்னது, சொல் பிடிபடவில்லை. பிறகு ஒன்றுமில்லை. கம்பிக்குள் கடல் இரைந்தது.

மணி அடித்தது.

மகேந்திரராஜா ஒரு விரலை நீட்டினார். நித்தியானந்தன் கிட்ட வந்தார். மீண்டும் மணி. இரண்டாவது விரல். நீண்ட அமைதி. மணி.

மூன்று விரலோடு அவர் ரிசீவரைச் சத்தியபாமாவின் கையில் திணித்தார். தேங்காயைத் தூக்கினார்.

"பொறடா!" என்று நித்தியானந்தன் பின்னால் ஓடினார். "எங்கட மூண்டுக்குத்தான் மணி! அவங்கள் எத்தனை எண்டு தெரியாதே! மூண்டுக்கு மூண்டெண்டால்?"

மகேந்திரராஜா முற்றத்துக்கு இறங்கிவிட்டார். வேலிக்கு மேலே பெட்ரோவின் தலை. உள்ளே சத்தியபாமா ஆங்கிலத்தில் கத்தினார், மற்றப் பக்கம் எத்தனை என்று. மகேந்திரராஜா இரண்டு கையாலும் தேங்காயைத் தலைக்கு மேலே உயர்த்தினார். எறிந்தார்.

அது கையை விட்டுப் போய்விட்டது. இன்னும் நிலத்தைத் தொடவில்லை.

"மூண்டுக்கு ரெண்டு!" என்றார் சத்தியபாமா யன்னலால்.

பிறகுதான் உடைந்தது.