பாறையை நக்கிய சித்தி

என் சித்தி பாறையை நக்கியதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். யாரும் சொல்லிக் கேட்டதல்ல. அம்மாவின் தங்கை அவள். பீளமேட்டில் காலேஜ் முடித்து, ஸ்காட்லாந்து வரைக்கும் போய்ப் பாறைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். யாராவது டம்ளரில் வாய் வைத்துக் குடித்தால் முகத்தைச் சுளிக்கிறவள். அப்பேர்ப்பட்டவள், உடுமலைப்பேட்டைக்குக் கிழக்கே, அம்மாவின் அப்பாவான அப்புச்சியின் தோட்டங்காட்டை ஒட்டிய சிறு பாறைக் குன்றான கரட்டில், பட்டப்பகலில், மண்டி போட்டு உட்கார்ந்து, நாக்கை நீட்டிப் பாறையை நக்கினாள். எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது இருக்கும்.

"சித்தி, எச்சல்" என்றேன்.

"பாட்டில்ல தண்ணி தீந்துபோச்சு கண்ணு. காஞ்ச பாறையில ஒண்ணும் தெரியாது. நனைச்சாத்தான் கோடு தெரியும்" என்று சொல்லிவிட்டு, வேறொரு இடத்திலும் நக்கினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சற்றுத் தள்ளி வேலமரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்குப் போன நாட்டில் என்னமோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு புத்தகம். அந்தக் கோடை விடுமுறைக்கு அவள் வந்தபோது பெட்டியில் எனக்குச் சாக்லேட் இருந்தது, அவளுக்கு அந்தப் புத்தகம் இருந்தது. சட்டைப் பையில் அடங்கும் அளவு. மழையில் நனைந்து நனைந்து தாளெல்லாம் உப்பிப்போயிருந்தது. வண்டியை எங்கே நிறுத்துவது, எந்தக் கதவைத் திறந்து மேய்ச்சல் காட்டுக்குள் போவது, போன பிறகு ஆடு வெளியே வராமல் கதவைச் சாத்துவது, முதலில் எந்தப் பாறை முன்னால் நிற்பது, அங்கே எதை உற்றுப் பார்ப்பது, அடுத்த பாறைக்கு ஓடையோரமாக எப்படிப் போவது என்று எல்லாம் அதில் இருக்குமாம். நாம் கோயிலுக்குப் போனால் தலபுராணம் வாங்குகிற மாதிரி, ஸ்காட்லாந்தில் பாறை பார்க்கப் போகிறவர்கள் இதை வாங்குவார்களாம்.

அப்புச்சி புத்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, பாறையப் பாக்கறதுக்கும் புஸ்தகமா? நம்மூர்ல தடுக்கி உழுந்தாப் பாறதானே."

சித்தி கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு பக்கத்தை எடுத்து என்னிடம் காட்டினாள். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பாறை. அந்தக் கோடுகள் நேராகப் போகாமல் சேலைக் கொசுவம் மாதிரி மடிந்து மடிந்து கிடந்தன. ஓரத்தில் புசுபுசுவென்று ஒரு ஆடு. "இது நம்ம கரடுதானே" என்றேன். ஆடு மட்டும்தான் நம்ம ஆடு இல்லை. சித்திக்கு ஏக சந்தோஷம். சின்ன வயதில் தான் சறுக்கி விளையாடிய பாறையை, கடல் தாண்டிப் போய்க் குளிரில் நடுங்கிக்கொண்டு, ஒரு புத்தகத்தில் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? அதை நேரில் பார்த்து எழுதிக்கொண்டு போகவே வந்திருந்தாள். நம்ம ஊர்க் கரடுகளுக்கும் ஒருநாள் இப்படி ஒரு புத்தகம் வரவேண்டும் என்று அவளுக்கு ஒரு கிறுக்கு.

பெண்பிள்ளை தனியாகக் கரட்டுக்குப் போகக்கூடாது என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். ஏதாவது நடந்தால் நான் என்ன செய்திருப்பேனோ, அனுப்பியவர்களுக்கே வெளிச்சம். ஆனால் சித்தி எனக்கு ஒரு வேலை வைத்திருந்தாள். அந்தப் புத்தகத்தில் பாறைப் படம் ஒவ்வொன்றிலும் ஒரு சுத்தியலோ காசோ கிடக்கும். பாறை எவ்வளவு பெரிது என்று தெரிய வேண்டுமல்லவா, அதற்காக. இங்கே சுத்தியலுக்குப் பதில் நான்.

"நில்லு கண்ணு, அளவுக்கு" என்பாள். நான் பாறையோரமாக விறைப்பாக நின்று சிரிப்பேன். அவள் படம் எடுப்பாள். பிறகு கேமராவில் பார்த்தால் பாதிப் படங்களில் எனக்குத் தலையே இருக்காது. இது எனக்குப் பெரிய மனக்குறை.

அந்தப் பாறைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்பது சித்திக்கு ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. தோட்டங்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மாமா, சித்தியின் அண்ணன். இரண்டு வருடமாக மழை இல்லை. போர்வெல்லில் காற்றுதான் வந்தது. தென்னைகள் ஒன்றொன்றாகத் தலை சாய்ந்துகொண்டிருந்தன. கரட்டை, பாறையை உடைத்து ஜல்லியாக்கி விற்கிற ஒரு கிரஷர்காரருக்கு விடுவதாக மாமா பேசி முடித்திருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு இன்றைக்கும் மனசு வராது. காய்கிற மரத்தைத் தினமும் பார்க்கிறவருக்குத்தான் அந்த வலி தெரியும்.

அன்று சாப்பிடும்போது சித்தி கேட்டாள். "கரட்டுல கோடு இருக்கற அந்த ஒரு பக்கத்த மட்டும் உட்டுருங்ணா. மத்தத என்ன வேணாப் பண்ணிக்குங்க."

"அங்கிருந்து ஆரம்பிச்சாத்தான் வாகா இருக்குதுன்னு அவரு சொல்றாரு அம்மிணி."

"அதுக்கு இருநூறு கோடி வருசத்துக்கு மேல வயசுங்ணா."

"அத்தன வருசமும் சும்மாத்தான கெடந்துது" என்றார் மாமா. கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே யோசித்துச் சொன்னார். சித்தி எழுந்து போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து பிரித்தாள். சுத்தியலால் தட்டாதே, உடைத்து எடுத்துப் போகாதே, பார்த்துவிட்டுப் போ, பின்னால் வருகிறவனும் பார்க்க வேண்டும் என்று அதில் போட்டிருந்ததாம். இப்படி எழுதிவிட்டால் அங்கே ஒருவரும் கை வைக்க மாட்டார்கள் என்றாள்.

"அங்க புஸ்தகம் சொன்னாக் கேப்பாங்க. இங்க சாமி சொன்னாத்தான் கேப்பாங்க. சாப்புடு அம்மிணி, ஆறிப்போகுது" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தோம். சித்தி மட்டும் தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து வந்தார்கள். டிராக்டரில் பூட்டிய கம்ப்ரசர், துளை போடுகிற ஆட்கள், வெள்ளை வேட்டியில் கிரஷர்காரர். நம்ம ஊரில் கிணறு வெட்டினாலும் பூஜை, கிணறு மூடினாலும் பூஜை. பாறையை உடைக்கவும் பாறைக்கே பூஜை போட்டார்கள். கொசுவம் கொசுவமாகக் கோடு ஓடிய அந்தப் பாறை முகத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, தேங்காய் உடைத்து, சூடம் ஏற்றினார்கள். ஊரில் பாதி அங்கே நின்றது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சித்தி அந்தப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி முன்னால் நின்றாள்.

சூடம் எரிந்துகொண்டிருக்கும்போது புத்தகம் கீழே விழுந்தது. என்ன என்று நிமிர்ந்து பார்த்தால், சித்தியின் தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது. உடம்பு உதறுகிறது. கண் மேலே செருகி வெள்ளைதான் தெரிகிறது. நாக்கைத் துருத்திப் பல்லால் கடித்திருந்தாள். அவள் வாயிலிருந்து வந்த சத்தம் மாதிரி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. மாரியம்மன் நோன்பில் யார் யாருக்கோ சாமி வந்து பார்த்திருக்கிறேன். ஆனால் ஜீன்ஸ் போட்ட சித்திக்கு, எனக்குத் தலை இல்லாமல் படம் எடுக்கிற சித்திக்கு, சாமி வரும் என்று யார் நினைத்தார்கள்? என் பாவாடை நனைந்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது. சாமி உள்ளே வந்துவிட்டதென்றால் சித்தி எங்கே போனாள், திரும்பி வருவாளா, இதுதான் என் பயமெல்லாம்.

முதலில் தரையில் விழுந்தவர் கிரஷர்காரர். எங்கள் பக்கத்து ஆட்கள் சாமியிடமும் மரியாதை தவறமாட்டார்கள்.

"ஏனுங் தாயி, நீங்க ஆருன்னு சொல்லோணுங்க" என்று கேட்டார்.

"நா இங்கயே இருக்கறவடா. உம் பாட்டன் பூட்டன் பொறக்கறதுக்கு முன்னால இருந்து இருக்கறவ." சித்தியின் கை உதறிக்கொண்டே நீண்டது. "இந்தப் பனமரத்துல இருந்து அந்த வெடிப்பு வரைக்கும் இரும்பு படக்கூடாது. பாக்கறவன் பாத்துட்டுப் போகோணும்."

சொல்லிவிட்டு அப்படியே மடங்கி விழுந்தாள். அம்மா ஓடிப்போய்த் தாங்கினாள். மாமா திருநீறு எடுத்து நெற்றியில் பூசினார். பூசும்போது தங்கையின் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து, வண்டியைத் திருப்பச் சொன்னார். அவர் என்ன நினைத்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நான் கீழே கிடந்த புத்தகத்தை எடுத்து மண்ணைத் துடைத்தேன். சாமியும் இந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறது போல என்று எண்ணிக்கொண்டேன்.

ஆடு மேய்க்கிற அக்காவுக்கு அன்றைக்குத்தான் வாழ்வு. அந்தப் பிள்ளை தண்ணீர் ஊற்றிக் கழுவியதையும் மண்டி போட்டதையும் நாக்கு வைத்ததையும் தான் பார்த்த கதையை வீடு வீடாகச் சொன்னாள். முந்தின வாரம் பைத்தியம் என்று சொன்ன அதே வாய்கள், தாய் அப்போதே அவளை அழைத்திருக்கிறாள் பார் என்றன. மகனுக்கு விசா கிடைக்குமா, மகளுக்கு எப்போது அமையும் என்று குறி கேட்கப் பெண்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள்.

சித்தி அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் பயந்து பயந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். "சித்தி, சாமி உள்ள வந்தா வலிக்குமா?"

என் பக்கம் திரும்பிப் படுத்தாள். "வலிக்குது கண்ணு" என்றாள்.

அப்புச்சி கதவருகே வந்து நின்றார். வழக்கமாக, ஏனம்மிணி, சாப்பிட்டாயா என்றபடி நேரே உள்ளே வருகிறவர். அன்று வாசலைத் தாண்டவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பெற்ற மகளைப் பார்த்துக் கை கூப்பினார். சித்தி பதறி எழுந்து உட்கார்ந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, மறுபடியும் சாமி வரப்போகிறது என்று நான் அம்மாவிடம் ஓடிவிட்டேன். விடுமுறை முடியும் முன்பே அவள் கிளம்பிப் போய்விட்டாள். மாமா கரட்டின் மறுபக்கத்தை மட்டும் கிரஷர்காரருக்கு விட்டார் என்றும், புது போர்வெல்லில் தண்ணீர் வந்தது என்றும், அதுவும் தாயின் அருள் என்றும் பிறகு பேசிக்கொண்டார்கள்.

அடுத்த கோடையில் அவளுக்கு அழைப்பு போனது. கோயில் கட்டியாகிவிட்டது, கும்பாபிஷேகத்துக்கு நீ இல்லாமல் எப்படி என்று மாமாவே போன் செய்தார். வந்தாள். மேளத்தோடு கூட்டிப்போனார்கள். எனக்குப் புதுப் பட்டுப்பாவாடை. கூட்டம் விலகி வழிவிட்டது. பெரியவர்கள்கூடக் குனிந்து கும்பிட்டார்கள். எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் இருந்தது. சித்தி செய்த மாதிரியே தாய்க்குப் பாட்டிலால் தண்ணீர் ஊற்றுவது அதற்குள் அங்கே வழக்கமாகிவிட்டது.

கோயில் பளபளவென்று இருந்தது. பனைமரத்திலிருந்து வெடிப்பு வரைக்கும், தாய் காட்டிய எல்லை பிசகாமல், பாறை முழுக்க ரோஸ் நிறத்தில் டைல்ஸ். நடுவில் சிமெண்டு பூசி, மஞ்சள் அடித்து, பித்தளைக் கண் இரண்டு பதித்திருந்தார்கள். டைல்ஸ் கிரஷர்காரர் உபயம். ஒரு இடம்கூட விடாமல் முதல் தரமாகப் போட்டிருக்கிறேன் என்று அவர் கை கட்டி நின்று சொன்னார். தண்ணீர் ஊற்றினார்கள். டைல்ஸ் மேல் வழிந்து கீழே ஓடியது. கறுப்புக் கோடும் தெரியவில்லை, வெள்ளைக் கோடும் தெரியவில்லை.

சித்தி கிட்டே போய் ஒரு டைல்ஸின் ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டு, தோள் குலுங்க, நிறுத்தாமல் அழுதாள். தாயைப் பார்த்ததும் பிள்ளைக்குத் தாங்கவில்லை என்று சொல்லிப் பெண்களெல்லாம் அழுதார்கள். கிரஷர்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

எல்லாம் அடங்கிய பிறகு சித்தி பையிலிருந்து கேமராவை எடுத்தாள்.

"நில்லு கண்ணு, அளவுக்கு" என்றாள்.

நான் ஓடிப்போய் டைல்ஸ் பக்கத்தில் விறைப்பாக நின்று, பாவாடையை விரித்துப் பிடித்துச் சிரித்தேன். இந்தத் தடவை தலையும் விழ வேண்டும் என்று எக்கிக்கூட நின்றேன். சித்தி கேமராவைக் கண்ணில் வைத்தாள். வைத்தபடியே வெகுநேரம் நின்றாள். பிறகு மெதுவாக இறக்கி, மூடியைப் போட்டு, பைக்குள் வைத்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. புதுப் பட்டுப்பாவாடை கட்டி நின்ற பிள்ளையை ஒரே ஒரு படம்கூட எடுக்க மனசு வரவில்லையே என்று, அவள் விமானம் ஏறுகிற வரைக்கும் சித்தியோடு நான் பேசவேயில்லை.