அண்ணன் கட்டிய முடிச்சு

அண்ணன் போய் ஓர் ஆண்டு முடிகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் ஆண்களில் பாதிப் பேரின் கழுத்தை அண்ணன் தொட்டிருக்கிறார். வரவேற்பு மேடைக்கு ஏறும் முன்பு உங்கள் காலரைத் தூக்கி, டையை மாட்டி, முடிச்சை மேலே தள்ளி, "மூச்சு விட முடியுதா மாப்ள?" என்று கேட்ட குரல் உங்களுக்கு நினைவிருக்கும். அவரைப் பற்றி என்னை எழுதச் சொன்னது அண்ணி. நான் எட்டாவதோடு நின்றவன். அறுவடை மெஷினோடு ஊர் ஊராகப் போகிறவன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது மங்கலம்பேட்டையில். அப்பா மூட்டை தூக்கினார். அம்மாவை எனக்கு நினைவில்லை. அப்பாவும் படுக்கையில் விழுந்தபிறகு அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு காடாம்புலியூருக்கு, முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனார். முந்திரி ஓட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் வெந்துபோகும். கையில் சாம்பலைத் தடவிக்கொண்டுதான் உடைக்க வேண்டும். ஒரு கோடையில், சாப்பாட்டு நேரத்தில், கை கழுவக்கூடத் தெம்பில்லாமல் அண்ணன் சுவரில் சாய்ந்தார். கை கழுத்தில் இருந்தது. அப்படியே தூங்கிவிட்டார்.

கழுத்துத் தோல் கறுத்தது, உரிந்தது, ஆறியது. ஆறிய இடத்தில் நான்கு விரல்களும் ஒரு கட்டைவிரலும் தெளிவாக இருந்தன. யாரோ பிடித்து நெரித்த மாதிரி. அண்ணன் தன் கையை வைத்துக் காட்டுவார், சரியாகப் பொருந்தும். நானும் என் கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். அப்போது என் கை சின்னது, பொருந்தவில்லை.

ஊரில் அதை யாரும் எண்ணெய் என்று சொல்லவில்லை. "கொட்டகையில தூக்குல தொங்குன பொம்பள பிடிச்ச பிடி" என்றார்கள். சின்னப் பிள்ளைகளை அண்ணன் பக்கம் விடமாட்டார்கள். அண்ணன் அன்றிலிருந்து மேல் பட்டனைப் போட ஆரம்பித்தார். கடலூருக்குப் போய், திருப்பாதிரிப்புலியூரில் ஆண்களுக்கான அழகு நிலையம் ஒன்றில் தரை கூட்டும் வேலையில் சேர்ந்தார். அங்கே வந்த களிம்பு, கிரீம், லோஷன் எல்லாவற்றையும் தன் கழுத்தில் பூசிப் பார்த்தார். தழும்பு போகவில்லை. ஆனால் மனிதத் தோலுக்கு எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்துகொண்டார். பிறகு டை கட்டக் கற்றுக்கொண்டார். காலர் மட்டும் இருந்தால் தலை திரும்பும்போது தழும்பின் விரல் நுனிகள் மேலே எட்டிப் பார்க்கும். டை இறுகினால்தான் காலர் நிற்கும். சித்திரை வெயிலில் கடலூர் பேருந்து நிலையத்தில் டை கட்டி நின்ற ஒரே ஆள் அண்ணன்தான். "எந்த கம்பெனி ரெப்பு சார்?" என்று கேட்பார்கள். அண்ணன் சிரிப்பார்.

சிதம்பரத்தில் கடை போட்டபிறகு உங்களுக்கே தெரியும். கோட்டு, ஷூ, சட்டைக் கையில் மாட்டும் கஃப்லிங்க், கோட்டுப் பையில் வைக்கும் கைக்குட்டை எல்லாம் வாடகைக்கு. டை மட்டும் கிடையாது. அது மாப்பிள்ளைக்கே சொந்தம். "ஒருத்தர் கழுத்துல ஏறுனது இன்னொருத்தர் கழுத்துல ஏறக் கூடாது" என்பார். அவர் கழுத்து மட்டும் விலக்கு. எந்த மாப்பிள்ளைக்கும் அவர் முதலில் தன் கழுத்தில், தன் டைக்கு மேலேயே கட்டுவார். முடிச்சுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி ஒரு குழி வைப்பார். பிறகு தளர்த்தித் தலைவழியாகக் கழற்றி மாப்பிள்ளைக்கு மாட்டுவார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் வெள்ளையாக வேண்டும் என்று எதையாவது பூசி முகம் வெந்து வருகிறவர்களை அண்ணன் திட்டுவார். "பத்து நாளைக்கு முன்னாடியே வாங்கன்னு சொன்னன்ல? இப்ப வேகவச்ச கெழங்கு மாதிரி வந்து நிக்குறீங்க!" பவுடர் போடவே விடமாட்டார்.

"ஏண்ணே, கொஞ்சம் போட்டாத்தான் என்ன?"

"மேடை லைட்டுல பவுடர் மூஞ்சி பொணம் மாதிரி தெரியும் மாப்ள. பொண்ணு பயந்துடும்."

கிளம்பும்போது, "ராத்திரியே முடிச்ச அவுத்துடுங்க. தளர்த்திட்டு, டையோட சின்ன வால மேல உருவுனா வந்துடும்" என்று சொல்லி அனுப்புவார். யாரும் அவிழ்த்ததில்லை. அவிழ்த்தால் திரும்பக் கட்டத் தெரியாதே. தளர்த்திக் கழற்றி, முடிச்சோடு பீரோவில் மாட்டிவிடுவீர்கள். அடுத்த கல்யாணத்துக்கு அதே முடிச்சு. அண்ணன் வீட்டில் மட்டும் கம்பி நிறைய டைகள் நேராகத் தொங்கும், ஒன்றில்கூட முடிச்சு இருக்காது. முடிச்சோடு அவர் தூங்கியதே இல்லை.

ஒருமுறை நான் ஊருக்கு வந்திருந்தபோது கடலூர் முதுநகரில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். கப்பல் வேலையில் இருந்த பெரியவர் இறந்திருந்தார். மகன் வெளிநாட்டிலிருந்து வருவதற்குள் அவருக்குக் கோட்டு போட்டு வைக்க வேண்டும். நல்ல பகல் வெளிச்சம். தாடைக்கட்டை அவிழ்த்திருந்தார்கள். அண்ணன் முகம் மழித்தார், படிகாரம் தடவினார், டையைத் தன் கழுத்தில் கட்டிக் கழற்றினார். எல்லா மாப்பிள்ளைகளிடமும் சொல்வதுபோலவே அவரிடமும் சொன்னார்: "அய்யா, தாடைய லேசா தூக்குங்க."

நான் கால்மாட்டில் நின்றேன். தாடை உயர்ந்தது. அண்ணனின் இரண்டு கையும் அப்போது காலரில் இருந்தன.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "மரியாதையா கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்கடா" என்றார். பிறகு, "இன்னொன்னு. மழிச்சு விட்டாலும் சாயங்காலம் தாடி திரும்ப வந்த மாதிரி தெரியும். வளராது. தோலு சுருங்குது, அவ்வளவுதான். பாத்தா பயப்படாத" என்றார். நான் ஏன் அதைப் பார்க்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. கடைசியாக நான் வந்தபோது அண்ணன் கடையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் டை கட்டக் கூடாது என்று சொல்லியிருந்தாராம். கட்டியிருந்தார்.

"நான் போனா பவுடர் அடிக்காதீங்க. கழுத்த மட்டும் யாரும் பாக்கக் கூடாதுடா. டை கட்டிடு."

"எனக்குக் கட்டத் தெரியாதேண்ணே."

"வா, சொல்லித் தரேன்."

"அடுத்த தடவ வரும்போது பாத்துக்கலாம். மெஷினு கெளம்புது."

"உனக்கு காலு ஒரு எடத்துல நிக்காதுடா" என்று சிரித்தார்.

ராய்ச்சூர் பக்கம் அறுவடையில் இருந்தபோது அண்ணியின் போன் வந்தது. காலையில் முகம் மழித்து, குளித்து, சட்டை போட்டு, டையைக் கையில் எடுத்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கவில்லை.

மறுநாள் நான் சிதம்பரம் வந்தபோது அண்ணன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். அண்ணி அவர் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் அழவில்லை. "தம்பி, மூஞ்சியப் பாருங்க" என்றார். பெட்டியின் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. துடைத்தேன். நாள் தவறாமல் மழித்த முகத்தில் தாடி எழும்பியிருந்தது. வந்தவர்கள் பார்த்துவிட்டுத் தள்ளி நின்று, "வளருது பாரேன்" என்று பேசிக்கொண்டார்கள். பயப்படாதே என்று அவர் சொன்னது இதற்குத்தான் என்று தெரிந்தது. நான் பயந்தேன். ஆனாலும் பெட்டியைத் திறக்கச் சொல்லி, அவருடைய ரேசரால் நானே மழித்தேன்.

அடுத்தது டை. வீடு நிறைய டை, கட்டத் தெரிந்த கை ஒன்றும் இல்லை. மங்கலம்பேட்டையிலிருந்து வந்திருந்த சித்தப்பா போனில் வீடியோ பார்த்துத் தன் கழுத்தில் ஒன்றைக் கட்டினார்.

"என்ன சித்தப்பா, நெல்லு மூட்டைக்குத் தைச்ச வாய் மாதிரி இருக்கு!"

"இருக்கட்டுமேடா, கழட்டி அவனுக்கு மாட்டு."

அண்ணி குறுக்கே வந்தார். "வேணாம் மாமா. ஒருத்தர் கழுத்துல ஏறுனது இன்னொருத்தருக்குக் கூடாதுன்னு அவுங்க சொல்லுவாங்க. துண்டோடயே போவட்டும்."

"துண்டு நழுவுமேம்மா. பாடையில குலுங்கும். எல்லாரும் பாப்பாங்க."

வாசலில் நின்ற சாகுல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிள்ளை ஊர்க்காரர், சவுதியில் வேலை, விடுமுறையில் வந்திருந்தார். அவர் நிக்காஹ்வுக்குக் கோட்டு போட்டு அனுப்பியது அண்ணன்தான். அன்றிலிருந்து இருவரும் மச்சான் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு மெரூன் டை இருந்தது, முடிச்சோடு.

"அண்ணி, இது மச்சான் கட்டுனது. அன்னைக்கு அவர் கழுத்துல கட்டித்தான் எனக்கு மாட்டுனாரு. நான் அவுக்கவே இல்ல. மொதல்ல ஏறுனது அவர் கழுத்துலதான்."

அண்ணி அதை வாங்கி முடிச்சைத் தடவினார். கட்டைவிரல் குழி அப்படியே இருந்தது. "அவுங்களுதுதான். அவுங்களுக்கே போவட்டும்" என்றார்.

ஆண்கள் சிலர் மட்டும் இருந்து, துண்டை எடுக்காமலே குளிப்பாட்டிச் சட்டை போட்டோம். சாகுல் தலையைத் தாங்கினார். டை மூக்குவரை வந்தது, தாடையில் தட்டி நின்றது. உடம்பு விறைத்திருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. "அண்ணே, தாடைய லேசா தூக்குங்க" என்றேன்.

டை கழுத்தில் இறங்கியது. நான் துண்டை உருவிவிட்டு முடிச்சை மேலே தள்ளினேன், காலர் நின்றது. தாடை உயர்ந்ததைச் சாகுலும் பார்த்தார். நாங்கள் இருவரும் இதுவரை அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

தெரு முழுவதும், சுடுகாடு வரை, அண்ணன் தான் கட்டிய முடிச்சோடு போனார். கழுத்தை யாரும் பார்க்கவில்லை. அங்கே வேலை பார்க்கும் பெரியவர் கால் கட்டைவிரல் கட்டை அவிழ்த்தார், கைக்கட்டை அவிழ்த்தார். பிறகு டையைக் காட்டினார்.

"தம்பி, அதையும் அவுத்துடு."

"இருக்கட்டுங்க. அவர் ஆசப்பட்டது."

"கட்டு எதுவும் இருக்கக் கூடாது. கட்டோட போனா போவ முடியாம இங்கயே நிப்பாங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

கொள்ளி வைக்க வேண்டியவன் நான். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். இரவானால் தன் முடிச்சைத் தானே அவிழ்த்துவிடும் மனிதர் அவர். முடிச்சைத் தளர்த்திச் சின்ன வாலை மேலே உருவினேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. காலர் சரிந்தது. விரல் நுனிகள் வெளியே வந்தன. யாரும் பார்ப்பதற்குள் மறைக்க என் கையைக் கழுத்தில் வைத்தேன்.

நான்கு விரலும் கட்டைவிரலும் சரியாகப் பொருந்தின.

வரட்டி அடுக்கி மூடும்வரை கையை எடுக்கவில்லை. தோல் குளிர்ந்துதான் இருந்தது. ஆனால் என் உள்ளங்கை அன்று முழுவதும் எரிந்தது. முந்திரி எண்ணெய் பட்டால் எரியுமே, அந்த எரிச்சல்.

தகவல் கேட்டதும் ஓடிவந்த கடைவீதி வியாபாரிகளுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், அண்ணியோடு இன்றுவரை துணையாக இருக்கும் பக்கத்து வீட்டாருக்கும், அவிழ்ந்த டையைத் திரும்பக் கேட்காமல் "அண்ணிகிட்டயே இருக்கட்டும்" என்ற சாகுல் மச்சானுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நான் மெஷினுக்குத் திரும்பாமல் அண்ணன் கடையைத் திறந்து வைத்திருக்கிறேன். டை கட்ட இன்னும் வரவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்த ஓராண்டில் முதுநகரிலிருந்தும் கிள்ளையிலிருந்தும் சிலர் கடைக்கு வந்து, தயங்கித் தயங்கி ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். பீரோவில் தளர்த்தி மாட்டிய டை, காலையில் திறந்தால் இறுகியிருக்கிறதாம். உள்ளே கழுத்து இல்லை, முடிச்சு மட்டும் மேலேறி, குழி புதிதாக விழுந்திருக்கிறதாம். அண்ணியிடம் சொன்னேன். "எத்தன வீட்டுல அவுங்க முடிச்சு இருக்கோ, தம்பி. அத்தன வீட்டுலயும் வேல பாத்துக்கிட்டு இருக்காங்க போல" என்றார்.

அண்ணன் ஞாபகமாக வைத்திருக்கிறீர்கள், தெரியும். ஆனாலும் இந்த நினைவு நாளில் அதை வெளியே எடுங்கள். முடிச்சைத் தளர்த்திச் சின்ன வாலை மேலே உருவுங்கள், வந்துவிடும். அவர் உங்கள் எல்லோரிடமும் கேட்டதை, அவிழ்த்த கையோடு ஒரு தடவை அவரிடம் திருப்பிக் கேளுங்கள்.

"மூச்சு விட முடியுதாண்ணே?"