ஏழாவது கதவில் அஸ்துருக்

முழங்கால்களுக்கு நடுவே தலையைக் கவிழ்த்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து முனகுகிறார் அஸ்துருக். அடுப்படியில் அவர் மனைவி துல்சியா கொண்டைக்கடலையைக் கிளறுகிறாள். "மேல போறதுன்னா சாப்ட்டுட்டுப் போறது! வெறும் வயித்தோட போய் நின்னா அங்க என்னைத்தான ஏசுவாங்க?" உடம்பு முக்காலியில் இருந்தாலும், மனுஷனின் உயிர் அப்போது நான்காவது வானத்தில் இருக்கும்.

வானத்துக்கு ஏழு கதவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேவதூதன் காவல். வாலிபத்திலிருந்து ஏறி ஏறி, இப்போது ஏழாவது கதவு வரை போய்த் திரும்புகிறார். கண்டதை எழுதி, எங்கள் யூதத் தெருவில் அகப்பட்டவரை நிறுத்தி வாசித்துக் காட்டுவார். "மூணாங்கதவுக்காரனுக்குப் பல்வலிப்பா. கிட்டப் போனாலே சீறுறான்." ஏழாவது திறந்தால் இறைவனின் அரியணை தெரியும். "ஒரே ஒரு தடவை பாத்துட்டாப் போதும். அப்புறம் அவ சொல்ற மாதிரி ஆட்டுத்தோல் யாவாரம் பாத்துக்கிட்டுக் கெடப்பேன்" என்பார்.

நாங்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? போகிறவரிடம் வேலை சொல்லி அனுப்புவோம். "அண்ணே, எங்க மாமியாரப் பாத்தா, நிலவறைச் சாவிய எங்க வச்சாங்கன்னு கேளுங்க" என்றாள் என் மனைவி. "அவங்க இருக்குற வானம் நம்ம வழியில இல்லம்மா" என்று மறுநாள் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். அன்றிலிருந்து என் அம்மா எந்தப் பக்கம் போனாள் என்று அவளுக்கு ஒரு சந்தேகம்.

கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். எங்கள் தெருவில் இருப்பதே பத்துப் பேர். போன வாரம் கசாப்புக்காரர் வித்தாலின் அப்பா இறந்து ஓராண்டு. பொழுது சாய்வதற்குள் மகன் எழுந்து, இறந்தவருக்கான வேண்டுதலான கதீஷைச் சொல்ல வேண்டும். ஆமேன் போடப் பத்துப் பேர் இல்லையென்றால் சொல்லவே கூடாது. ஒன்பது பேர் வந்துவிட்டோம். அஸ்துருக்கோ மேலே. பாதியில் எழுப்பினால் உயிர் வழி தெரியாமல் அலையும் என்று அவரே எழுதி வாசித்திருக்கிறார். ஆகவே எழுப்பாமல், முக்காலியோடு தூக்கி வந்து தொழுகைக்கூடத்தில் வைத்தோம்.

தலை எண்ணுவது எங்களிடம் ஆகாது. பத்துச் சொல் கொண்ட வேத வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிச் சரிபார்ப்போம். பெரியவர் போன்ஃபிஸ் சொல்லிக்கொண்டே வந்தவர், அஸ்துருக்கிடம் வந்ததும் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டார்.

"ஒடம்புதான வந்திருக்கு? ஆளு வரலையே."

"அப்படிப் பாத்தா இங்க எவன் வந்திருக்கான்? ஒங்க நெனப்பு திராட்சைத் தோட்டத்துலதான?" என்றேன்.

"தோட்டத்துலேர்ந்து கூப்ட்டா நான் வந்துருவேன். இவன் வானத்துலல்ல இருக்கான்!"

வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. காளையை ஒற்றை ஆளாகச் சாய்க்கிற வித்தால், நாங்கள் தடுப்பதற்குள் குனிந்து அஸ்துருக்கின் காதருகே, "அண்ணே, எங்கப்பாவுக்கு..." என்றார். அதற்கு மேல் முடியாமல் தேம்பி அழுதார்.

அஸ்துருக் தலையை நிமிர்த்தினார். முகம் வெளுத்திருந்தது.

"தெறந்துட்டாங்கப்பா. கால உள்ள வைக்கப் போனேன்."

போன்ஃபிஸ்தான் கேட்டார்: "இப்பத் திரும்பிப் போனா?"

"மூடிக்கிட்டு இருக்காங்க. ஓடுனாப் புடிச்சிரலாம்."

அஸ்துருக் எழுந்தார். மரத்துப்போன காலை உதறிக்கொண்டு வித்தாலிடம் போய், தன் சட்டைக்கையால் அவர் மூக்கைச் சிந்தித் துடைத்துவிட்டு, "ம், ஆரம்பி" என்றார்.