பிளாஸ்டிக் குழாயில் சுற்றிய எர்த் கம்பி

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பயம் இல்லை, சோம்பல். பத்தாவது வரை தட்டுத் தடுமாறி வந்து, ஐ.டி.ஐ.யில் ஒரு வருடம் பெஞ்சைத் தேய்த்துவிட்டு ஓடி வந்தவன் நான். எனக்குப் பேனாவைவிட ஸ்க்ரூ டிரைவர் சுலபம். ஆனால் உத்திரமேரூரில் வீடு வாடகைக்கு விட்டிருக்கிற நாலு பேர் இதைப் படித்தால் இனிமேல் என்னைக் கூப்பிடவே மாட்டார்கள் என்று தோன்றியது. தோன்றிய உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நானும் என் நண்பனும் சேர்ந்து செய்கிற தொழில் இதுதான். அரிசி மில், தையல் கம்பெனி, வாடகை வீடு என்று போய், அங்கே இருக்கிற மிக்ஸி, மோட்டார், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் சோதித்து, எது நல்லது எது ஆளைக் கொல்லும் என்று எழுதிக் கொடுப்போம். அவன் படிப்பை முடித்து வயர்மேன் லைசென்ஸ் வைத்திருக்கிறான். என்னிடம் இருப்பது வாய். நான் எழுதுவேன், அவன் கையெழுத்துப் போடுவான். அவன் கையெழுத்து இல்லாவிட்டால் என் காகிதத்தில் போண்டா மடிக்கலாம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீடு. கீழே ஐந்து குடித்தனம், மாடியில் ஓனர். மூன்றாவது வீட்டு அக்கா இட்லி மாவு அரைத்து விற்பவர். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கிரைண்டர்தான் அவருக்குச் சோறு போடுகிறது. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் மாவு வாங்கப் போய், ஈரக் கையைக் கிரைண்டர்மேல் வைத்திருக்கிறார். கரண்ட் தூக்கி எறிந்ததில் முழங்கை வீங்கிவிட்டது. அன்றைக்கே ஓனர் தீர்ப்புச் சொல்லிவிட்டார், கிரைண்டரும் அக்காவும் இந்த மாதத்தோடு காலி என்று. காலி செய்யச் சொல்ல ஒரு காகிதம் வேண்டும். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்.

ஓனரின் மச்சான் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டுகிறார். அதன் வயரிங் முழுவதும் எங்களுக்குத்தான் என்று ஓனர் மாடிப்படியிலேயே சொன்னார். உண்மையை மறைப்பானேன்? கீழே இறங்குவதற்குள் ‘மூன்றாவது வீடு, கிரைண்டர், பழுது’ என்று காகிதத்தில் எழுதியே விட்டேன். சோதிப்பதற்கு முன்னாலேயே.

அக்கா வீட்டுச் சமையலறையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது. அடுப்படியில் என்ன செருப்பு என்று கேட்டேன். கிரைண்டர் போடும்போது மட்டும் போட்டுக்கொள்வாராம். சாமி படம் மாட்டியிருக்கிற பக்கம் போகும்போது கழற்றிவிடுவாராம். பிறகு பார்த்தால் இரண்டாவது வீட்டிலும் அப்படி ஒரு ஜோடி, கடைசி வீட்டிலும் ஒரு ஜோடி. ஷாக் அடித்தால் இந்த ஊரில் யாரும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட மாட்டார்கள், செருப்பு வாங்குவார்கள்.

“கிரைண்டருக்கு ஒரு செருப்பு, வெளிய போவ ஒரு செருப்பு. நீ வசதியான ஆளுதான்கா” என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. “வெளாடாத தம்பி. இத தூக்கினு நான் எந்த வூட்டுக்குப் போறது? மாவு அரைக்கிறவளுக்கு எவனும் வூடு குடுக்க மாட்டான், தண்ணி செலவு, சத்தம்னு சொல்லுவான். நீ பாத்து எழுது.”

பாத்து எழுது என்றார், பார்க்காமல் எழுதிய காகிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கர் வைத்துப் பார்த்தேன். உள்ளே ஓடும் கரண்ட் வெளியே இருக்கிற இரும்புக்குக் கசிகிறதா என்று சொல்கிற கருவி அது. துளிக் கசிவு இல்லை. கிரைண்டர் என்னைவிட ஆரோக்கியம். ஆனால் பிளக்கைத் திரும்பச் செருகி, சுவிட்சைப் போடாமலே கிரைண்டர் உடம்பில் எங்கே வைத்தாலும் டெஸ்டரில் லைட் எரிந்தது.

பின்னாலேயே நின்ற ஓனர் இதைப் பார்த்துக் குதித்தார். “பாத்தியா, சுச்சு போடறதுக்கு முன்னாடியே அடிக்கிது. எவ்ளோ கெட்டுப் போய்க்கீது பாரு.”

எனக்கு அங்கேதான் உறைத்தது. சுவிட்ச் அணைந்திருக்கும்போது கரண்ட் உள்ளே போக ஒரே வழி, பிளக்கில் இருக்கிற மூன்றாவது கால், எர்த். ஆபத்து வந்தால் கரண்டை மண்ணுக்குள் அனுப்ப வேண்டிய கம்பி. அதுவே கரண்டைக் கொண்டுவந்து கொடுத்தால் வேறு எங்கேயோ தப்பு. கீழ்வீடுகளில் இரும்பு உடம்பும் மூன்று கால் பிளக்கும் உள்ள பெரிய சாமான், ஈரக் கை படுகிற சாமான், அக்காவுடையதுதான். அதனால் கெட்ட பெயர் வாங்கியது அவர் கிரைண்டர்.

ஒவ்வொரு வீடாகப் போய், கிரைண்டரை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லா பிளக்கையும் பிடுங்கினேன். ஐந்து வீட்டிலும் பிடுங்கிய பிறகும் கிரைண்டரில் லைட் எரிந்தது. பாக்கி மாடிதான். ஓனர், மாடியில் எல்லாமே நல்ல கம்பெனி சாமான், அங்கே வேலை இல்லை என்றார். நல்ல கம்பெனி சாமானைக் கண்ணால் பார்க்கிற பாக்கியமாவது கிடைக்கட்டும் என்று சொல்லி, டெஸ்டரை அக்கா கையில் கொடுத்துவிட்டு ஏறினேன். ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன். கீழே இருந்து அக்கா குரல் கொடுத்தார், லைட் அணைந்துவிட்டது என்று. செருகினேன், எரிந்தது. பிடுங்கினேன், அணைந்தது. மூன்று தடவை செய்தேன். ஒரு தடவை போதும்தான், ஓனர் முகத்துக்காக மற்ற இரண்டு.

ஃபிரிட்ஜ் கசிந்தாலும் எர்த் கம்பி மண்ணுக்குள் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கம்பியைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போனேன். அது தண்ணீர்க் குழாயில் போய் முடிந்தது. ஒரு காலத்தில் அங்கே மண்ணுக்குள் போகிற இரும்புக் குழாய் இருந்ததாம். துருப்பிடித்ததும் பிளம்பர் வந்து பிளாஸ்டிக் குழாய் போட்டிருக்கிறார். பொறுப்பான மனுஷர். பழைய குழாயிலிருந்து எர்த் கம்பியைக் கழற்றி, புதுப் பிளாஸ்டிக் குழாயில் எட்டுச் சுற்றுச் சுற்றி, கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். மாடி ஃபிரிட்ஜில் கசிந்த கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல், அந்தக் கம்பியிலேயே திரும்பிக் கீழே ஐந்து வீட்டுக்கும் வந்துகொண்டிருந்தது. மாடியில் தரை காய்ந்து கிடக்கும், ஃபிரிட்ஜ் கைப்பிடி பிளாஸ்டிக். ஓனருக்கு ஒரு நாளும் அடித்ததில்லை.

அவர் என் தோளில் கை போட்டார். முதல் தடவையாக.

“நைனா, கம்பிய நாளிக்கே மாத்திடலாம். ஃபிரிட்ஜையும் பாத்துக்கலாம். நீ எழுதறத மட்டும் கிரைண்டர்னு எழுதிக் குடு. அந்தம்மா இருந்தா பேஜாரு. மண்டப வேல கீதுல்ல?”

பையிலிருந்த காகிதத்தை எடுத்தேன். அவர் முகம் மலர்ந்தது. அவர் கண்முன்னாலேயே அதை நாலாகக் கிழித்தேன்.

“உன் மச்சான் மண்டபத்துலயும் எர்த்த பிளாஸ்டிக் கொயாய்லதான் சுத்துவியா சார்? அப்ப பொண்ணு மாப்ளைக்கு ரப்பர் செருப்பு வாங்கி வையி.”

தோளிலிருந்த கை போய்விட்டது. மரியாதையும் போனது. மண்டபப் பக்கம் வந்தால் காலை உடைப்பேன் என்றார். லைசென்ஸ் இல்லாத பயல் எழுதுகிற காகிதத்தை எவன் மதிப்பான், அந்தம்மா மாசக் கடைசியில் வெளியேதான் என்றார். அவர் சொன்னதில் லைசென்ஸ் விஷயம் மட்டும் நிஜம்.

புதுக் காகிதத்தில் எழுதினேன். கிரைண்டர் நல்லது. மாடி ஃபிரிட்ஜ் கசிகிறது. எர்த் கம்பி பிளாஸ்டிக் குழாயில் சுற்றியிருக்கிறது, ஐந்து வீட்டுக்கும் ஆபத்து. சரி செய்யும்வரை ஃபிரிட்ஜ் பிளக்கைச் செருகக் கூடாது. எழுத்துப் பிழை நிறைய இருக்கும், கரண்டுக்கு அது தெரியாது. ஒட்டப் பசை இல்லை. அக்கா குண்டானிலிருந்து ஒரு கை மாவு எடுத்துக் கொடுத்தார். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஐந்து வீட்டுக்காரர்களும் பார்க்கிற இடத்தில் ஒட்டினேன். முழங்கை வீங்கியவர் முதல் ஆளாக வந்து, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். படித்துவிட்டு மாடியை நிமிர்ந்து பார்த்தார். ஓனர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் காகிதம் செல்லுமா என்று அவர் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது.

தெருவுக்கு வந்து நண்பனுக்குப் போன் போட்டேன். மண்டப வேலையை நம்பி அவன் புதிதாக டிரில்லிங் மெஷின் வாங்கி வைத்திருந்தான். அதனால் மழுப்பாமல் சொன்னேன். மண்டபம் போச்சுடா, நான்தான் கெடுத்தேன், ஓனரைக் கிண்டலும் பண்ணிவிட்டேன், உன்னைக் கேட்காமல் எழுதிச் சுவரில் ஒட்டியும் விட்டேன் என்று.

“கீய என் கையெயுத்துக்கு எடம் வுட்டுக்கிறியா?” என்றான்.