சவரிநாதன் ஊதிய தீக்குச்சி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர்ப்பால் லாரி ஓட்டிய சவரிநாதன், விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டால் ஈஸ்டர் வரைக்கும் சிகரெட்டைத் தொடமாட்டார். மற்ற நாளெல்லாம் ஓயாத புகை. தவக்காலத்து நாற்பது நாளில் நெஞ்சிலுள்ள கறை முழுக்கக் கழுவிப் போய்விடும் என்று உறுதியாக நம்பினார். ஈஸ்டர் பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே முதல் சிகரெட். அதைப் பற்றவைப்பது ஆம்புரோஸ், லாரியில் கூடவே போகும் கூட்டாளி. பத்தொன்பது வருஷ வழக்கம் அது.

1983 தவக்காலத்தில் ஒரு பால் வாளியைத் தூக்கியதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. மனைவி இசபெல்லா ஈப்போவுக்கு, டாக்டர் ஸ்கந்தராஜாவிடம் இழுத்துப் போனாள்.

"சிகரெட் எத்தனை வருஷமாப் பத்துறீங்கள்?"

"தவசுக்கு நாற்பது நாள் விட்டிருக்கேன் டாக்டர். நெஞ்சு சுத்தமாத்தான் இருக்கும்லா."

டாக்டர் ஒரு தீக்குச்சியைக் கிழித்து, அரை அடி தள்ளிப் பிடித்தார். "உதட்டைக் குவிக்காமல், வாயைத் திறந்தபடி ஊதி அணையுங்கோ, பார்ப்பம்."

சின்னப் பிள்ளை விளையாட்டு என்று சிரித்தபடி சவரிநாதன் ஊதினார். சுடர் லேசாக ஆடியது. மறுபடி ஊதினார். அணையவில்லை. சிரிப்புத்தான் அணைந்தது. நாற்பத்தாறு வயது, கியர் போட்டு உரமேறிய கை. ஒரு தீக்குச்சியை அணைக்க முடியவில்லை!

"கெட்டுப்போன நுரையீரல் திரும்பாது. இனித் தொடாமல் இருந்தால் மிச்சத்தைக் காப்பாத்தலாம். நாற்பது நாள் எப்படி விடுறீங்கள்?"

"ஆம்புரோஸும் சேந்து விட்டுருவான். லாரியில பாக்கெட்டே இருக்காது."

"அப்ப அவரிட்டச் சொல்லுங்கோ. தனியா நிண்டு விடுறது கஷ்டம்."

வெட்கத்தில் சவரிநாதன் சொல்லவில்லை. ஈஸ்டர் வந்துவிட்டது.

"மச்சான், தவசு முடிஞ்சிருச்சு, பிடி!" என்று ஆம்புரோஸ் சிகரெட்டை நீட்டித் தீக்குச்சியைக் கிழித்தார். சவரிநாதனின் கை தானாக நீண்டது. பாதியில் நின்றது.

"தீக்குச்சிய அப்படியே தள்ளிப் பிடி." வாயைத் திறந்து ஊதினார். இன்னொரு முறையும் ஊதினார்.

"என்னலா விளையாடுறே? ஒழுங்கா ஊது!"

"இவ்வளவுதான்டா மூச்சு இருக்கு."

நெருப்பு விரலைச் சுட்டதும்தான் ஆம்புரோஸ் குச்சியைப் போட்டார். முகம் வெளுத்துவிட்டது. இன்னொன்றைக் கிழித்துத் தாமே வாயைத் திறந்து ஊதினார். மூன்றாவது ஊதலில்தான் அணைந்தது.

"எனக்குமாடா?" என்றார் ஆம்புரோஸ்.

புதுப் பாக்கெட்டை அப்படியே சாக்கடையில் வீசினார்.

"இந்த வருஷம் நமக்கு ஈஸ்டர் கிடையாதுலா மச்சான். நாளைக்கு நான் சிகரெட் கேட்டா, நீ என் கன்னத்துல அடி. நீ கேட்டா, நான் அடிக்கிறேன்."